முதலாளி காசில் ஹெவி லைசென்ஸ்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபை முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் ஜெபம் சொல்லும். அதில் பிறரை மன்னிப்பதைப் பற்றி ஒரு வரி வரும். அந்த வரிக்கு மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் என் அக்காவுக்கு இது தெரியும். முதலில் முழங்கையால் இடித்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். மன்னித்துவிட்டேன் என்று கடவுளிடமே பொய் சொல்வதைவிட வாயை மூடிக்கொண்டு நிற்பது மேல் என்பது என் கட்சி.

நான் மன்னிக்காத ஆள் என் பழைய முதலாளி. வாடிப்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் மாட்டுத்தீவன மில் வைத்திருக்கிறார். அவர் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. சம்பளத்தை ஒருநாள்கூடத் தள்ளிப் போட்டதில்லை. செய்தது ஒன்றே ஒன்றுதான். லாரி ஓட்டப் பழக எனக்குப் பணம் கட்டினார். இதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்பார்கள். இதற்குத்தான்.

அவரிடம் ஐந்து வருடம் குட்டி யானை ஓட்டினேன். சின்ன சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பால் சொசைட்டி இருக்கிற ஊருக்கெல்லாம் போவேன். பொம்பளை வண்டி ஓட்டுகிறாள் என்று டீக்கடையில் ஆரம்பத்தில் வேடிக்கை பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, சந்துக்குள் மாட்டிக்கொண்ட தங்கள் வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் தரச் சொல்லி அவர்களே என்னைக் கூப்பிட்டார்கள். என் கை அப்படி.

மில்லில் இரண்டு லாரிகள் இருந்தன. மக்காச்சோளமும் புண்ணாக்கும் ஏற்றி வருபவை. அந்தச் சக்கரம் என் நெஞ்சு உயரம் வரும். காலையில் என் வண்டியை எடுக்கும்போதெல்லாம் லாரியின் ஏணியில் கால் வைத்து, கேபினை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு சீட்டுப் போட்டு வந்தேன். தை மாதம் சீட்டு என் கைக்கு வரும், டிரைவிங் ஸ்கூலில் என் காசைக் கட்டிச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. அப்போது புரட்டாசி. இன்னும் நாலே மாதம்.

இது எப்படியோ முதலாளி காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் காலையில் கூப்பிட்டார்.

"ஹெவி எடுக்கணும்னு ஆசையாம்ல? சீட்டு கீட்டெல்லாம் எதுக்குத் தாயி. நான் கட்டுறேன். நம்ம லாரியவே நீ ஓட்டு."

ஒரு நிபந்தனை உண்டு. லைசென்ஸ் வந்தபின் மூன்று வருடம் அவர் மில்லிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. ஓட்டப்போவது லாரி, அவரிடம் ஓட்டினால் என்ன, வேறு யாரிடம் ஓட்டினால் என்ன? வெல்டிங் பட்டறையில் இருக்கும் என் வீட்டுக்காரர், அந்தச் சீட்டுக் காசில் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றிவிடலாம் என்று அன்றைக்கே அளந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

என் அக்கா மட்டும் வேண்டாம் என்றாள். மதுரையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவாள். போனில் சொன்னது போதாது என்று லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டாள். சம்பளம் கொடுக்கிறவனே படிப்புக்கும் கட்டினால் நாளைக்கு எதை வைத்து அவனை எதிர்த்துப் பேசுவாய் என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. நீ மட்டும் என்னவாம், மிஷன் காசில்தானே படித்தாய் என்று திருப்பிக் கேட்டேன்.

"ஆமா, படிச்சேன்," என்றாள். "இன்னைக்கு வரைக்கும் அந்தத் தாளாளர் முன்னாடி நான் உக்காந்து பேசுனதில்லடி."

அந்த ஒரு பேச்சே எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் லாரி என் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. நாலு மாதம் பொறுக்கத் தெரியாதவள் நான். மறுநாளே கையெழுத்துப் போட்டேன்.

பழகிய நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. மதுரை மாட்டுத்தாவணியைத் தாண்டி ரிங் ரோட்டில் டிரைவிங் ஸ்கூலின் பழைய லாரி. கிளட்சை மிதித்தால் தொடை வரை வலிக்கும். முதல் வாரம் வீட்டில் படி ஏற முடியவில்லை. இரண்டாவது வாரம் அந்த வண்டி என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். நல்லதாகத்தான் இருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே சொன்னார்.

லைசென்ஸ் தபாலில் என் வீட்டுக்குத்தான் வந்தது. மில்லில் சின்னதாக ஒரு விழா, அதையும் எடுத்துக்கொண்டு வா என்று முதலாளி சொல்லி அனுப்பினார். போனால் வாசலில் இருபதடிக்கு ஃப்ளெக்ஸ். முக்கால்வாசி இடத்தில் வெள்ளைச் சட்டையில் கைகூப்பியபடி அவர். கீழே மூலையில் நான். விண்ணப்பத்துக்குக் கொடுத்த ஆதார் அட்டையிலிருந்து என் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள், போலீஸ் தேடும் ஆளைப் போல இருந்தேன். மகளிர் குலம் காக்கும் வள்ளல் என்று கொட்டை எழுத்தில் அவருக்குப் பட்டம். ஷாமியானா, மைக் செட், ஆளுயர மாலை. மாலை அவருக்கு, எனக்குப் பொன்னாடை. முன்வரிசையில் படித்தவர்களாக நாலு பேர் இருக்கட்டும் என்று என் அக்காவுக்கும் அழைப்பு போயிருந்தது. எனக்காக வந்து உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் என் லைசென்ஸை என்னிடமிருந்தே வாங்கி, போட்டோவுக்காக எனக்கே திருப்பிக் கொடுத்தார். அதுவரை சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது மைக்கில் ஒரு குரல், "இப்போது நம் சகோதரி ஐயாவின் பாதம் பணிந்து ஆசி பெறுகிறார்" என்றது. அறிவித்தே விட்டார்கள்.

எங்கள் வீட்டில் மனுஷர் காலில் விழும் வழக்கம் இல்லை. என் கல்யாணத்தில்கூட மாமனார் மாமியாருக்குக் கும்பிடு போட்டதோடு சரி. முழங்கால் போடுவது ஆலயத்தில் மட்டும்தான். இது பெரிய கொள்கை என்றெல்லாம் இல்லை, பிறந்ததிலிருந்து அப்படி. நான் அசையாமல் நின்றேன். போட்டோக்காரர் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, குனியச் சொல்லிக் கையைக் காட்டினார். மில் மேனேஜர் வந்து என் தோளில் கையை வைத்தார். அழுத்தினார் என்று சொல்ல மாட்டேன். வைத்தார். தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் லாரிச் சாவி அவருடைய இன்னொரு கையில் இருந்தது.

விழுந்தேன். எழுந்து பார்த்தபோது முன்வரிசையில் அக்காவின் நாற்காலி காலி. சாப்பிடாமல் போய்விட்டாள். அதற்கப்புறம் இந்த விஷயத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மேடையில் கொடுத்த சாவியை மத்தியானமே மேனேஜர் வந்து வாங்கிக்கொண்டார், பத்திரமாக இருக்கட்டும் என்று. அது பத்திரமாகத்தான் இருந்தது. பதினோரு மாதம் என் கைக்கு வரவில்லை. முதலாளியிடம் கேட்டால் கொஞ்சம் பொறு தாயி என்பார். ஒரு தடவை இன்சூரன்ஸ், ஒரு தடவை வழியில் தங்க வசதி இல்லை, ஒரு தடவை பழைய டிரைவர் மனசு சங்கடப்படுவார். ஆயுத பூஜை அன்று மட்டும் வீடியோ எடுப்பதற்காக மில் கேட்டிலிருந்து எடை மேடை வரை லாரியை ஓட்டவிட்டார்கள். நூறடி இருக்கும். மற்ற நாளெல்லாம் அதே குட்டி யானை, அதே மூட்டை. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் நான் காலில் விழுந்து கிடக்கும் படம், பெரிதாக்கி, சட்டம் போட்டு. வருகிற வியாபாரிகளிடமெல்லாம் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, படத்தையும் என்னையும் மாறி மாறிக் காட்டுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

கடைசியில் சோழவந்தானில் ஒரு தேங்காய் மண்டிக்காரர் என்னை லாரிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரிடம் இருக்கும் டிரைவரை எடுப்பதற்கு முன்னால் புது முதலாளி பழைய முதலாளிக்கு ஒரு போன் போட்டுவிட வேண்டும். மண்டிக்காரர் போட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், பாவம், பிழைத்துப் போகட்டும் என்றாராம் இவர்.

பாவமாம். வீட்டு ஓட்டுக்குப் போனது போக மிச்சமிருந்த சீட்டுக் காசையும், என் கம்மலை அடகு வைத்து வாங்கியதையும் சேர்த்து, அவர் கட்டிய தொகையை ஒரு கவரில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். மேசையில் வைத்தேன். கணக்கு முடிந்தது, அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள் என்றேன். அப்போது இரண்டு வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனதும் கத்துவார், மூன்று வருட ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டுவார் என்றுதான் தயாராகப் போயிருந்தேன். அவர் டிராயரைத் திறந்து நான் கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப் பேப்பரை எடுத்தார். நாலாகக் கிழித்தார். கவரை என் பக்கம் தள்ளினார்.

"தர்மம் பண்ணுனதத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வம்சத்துலயே இல்ல தாயி. நல்லா இரு."

வியாபாரிகள் இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கண் கலங்கியதுபோலக்கூட இருந்தது. படம் சுவரிலேயே இருந்தது. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்ட மனுஷனிடம் நான் என்னவென்று சண்டை போடுவது? கடனாக இருந்தால் அடைத்துவிடலாம். தர்மத்தை அடைக்க முடியாது. சாகும்வரை அவர் போட்ட பிச்சையில் லாரி ஓட்டுகிறவள் நான். கவரோடு பஸ்ஸில் வரும்போது தீர்மானித்தேன், இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது.

ஒரு வருடம் கறுவிக்கொண்டிருந்தேன். மகளிர் தினம் நெருங்கும்போது அவரே வழி செய்து கொடுத்தார். ஐந்து பெண்களுக்கு இலவச ஹெவி லைசென்ஸ் பயிற்சி என்று மறுபடியும் ஃப்ளெக்ஸ். கார் லைசென்ஸ் வைத்திருக்கிற ஐந்து பேரைப் பிடித்து, பேரும் ஊருமாக அச்சடித்துவிட்டார். பஸ்ஸில் வருகிறவர்கள் படிப்பதற்கு வசதியாக ஊருக்குள் நுழையும் இடத்திலேயே கட்டியிருந்தார்கள். நான் லாரியை ஓரங்கட்டி ஐந்து பேரையும் எழுதிக்கொண்டேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனேன். ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சேலையோடுதான் போனேன், பார்த்தால் நம்புவார்கள் என்று. போனில் இருந்த, நான் காலில் விழும் அந்தப் படத்தைக் காட்டினேன். லாரி கொடுக்க மாட்டார், காலில் விழ வைப்பார், வருகிறவன் போகிறவனிடமெல்லாம் உங்களைக் காட்டிக்கொண்டிருப்பார் என்றேன். அடுத்தவர் காசில் மட்டும் லைசென்ஸ் எடுக்காதீர்கள் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். எல்லாம் உண்மை. ஒன்றைத் தவிர. லைசென்ஸ் வந்ததும் அதை அவரே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்வார் என்றும் சொன்னேன். அது பொய். மற்றதற்கு மசியாதவர்கள்கூட அதைக் கேட்டதும் மிரண்டார்கள். அதனால் அடுத்தடுத்த வீடுகளில் அதையே முதலில் சொன்னேன்.

ஐந்து பேரில் ஒருத்தி அவர் மில்லிலேயே மூட்டை தைக்கிறவள். அவள் அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறவர், அவர் தயவில் கார் லைசென்ஸ் எடுத்திருந்தாள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

விழா அன்று மண்டி லாரியில் தேங்காய் லோடோடு வழியைச் சுற்றிக்கொண்டு வந்து, மில்லுக்கு எதிரே நிறுத்தினேன். கேபினில் உட்கார்ந்தால் காம்பவுண்டு சுவருக்கு மேலே எல்லாம் தெரியும். மேடையில் ஐந்து நாற்காலி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருந்தது. மாலையைப் போட்டுக்கொண்டு அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒருத்தியும் வரவில்லை. மைக்கில் பாட்டுப் போட்டார்கள். மறுபடி பாட்டுப் போட்டார்கள். மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கும் மேடைக்குமாக நடந்தார். ஒரு மணி நேரம் கழித்து, வாங்கி வந்த ஐந்து பொன்னாடையையும் வந்திருந்த பெரிய மனுஷர்களுக்கே போர்த்தினார்கள். அவர் தற்செயலாகத் தலையைத் தூக்கினார், என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. நான் இரண்டு கையையும் தூக்கி, நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு கும்பிடு போட்டேன். முகம் கறுத்துவிட்டது அவருக்கு.

அந்த முகத்துக்காக நான் இன்னும் பத்து வீடு ஏறி இறங்கியிருப்பேன். அன்று மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லோடை இறக்கிவிட்டு, ஓட்டலில் உட்கார்ந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். அவ்வளவு பசி. அந்தத் திட்டத்தை அவர் அத்தோடு கைவிட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டபோது மனசு இன்னும் குளிர்ந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் மண்டியில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. மூட்டை தைக்கிற அந்தப் பெண் வந்து நின்றாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி என்னைத் தேடி வந்திருக்கிறாள். கேபினில் ஒருதரம் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஏறச் சொல்லி, நானும் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், கிளட்சை மிதித்துப் பார்த்தாள், கால் எட்டியது. வண்டிப் பேப்பர்களோடு என் லைசென்ஸும் ஒரு கவருக்குள் முன்னால் இருந்தது. செக்கிங்கில் காட்ட எடுத்து எடுத்து அழுக்கானது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத அவரு பீரோவுல வச்சுப் பூட்டிக்கிருவாருன்னு சொன்னீங்களேக்கா."

அப்புறமாகத் திருப்பிக் கொடுத்தார் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. சண்டைக்கும் வரவில்லை. கவரை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"கால்ல விழுகுறதெல்லாம் எனக்கு ஒரு விசயமே இல்லக்கா. எங்க மாமனாரு கால்ல வருசத்துக்கு நாலு தடவ விழுறேன். விழுந்து எந்திரிச்சா என் கையில லைசென்ஸு இருந்திருக்கும். இந்நேரம் நானும் உங்கள மாதிரி எங்கயாச்சும் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்ல?"

ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள். தைக்கிற ஊசி பட்டு விரல் நுனியெல்லாம் காய்ப்பு. அவள் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன், காப்பி குடித்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

உடனே சொன்னேன், நான் கட்டுகிறேன் என்று. முழுப் பணத்தையும் நான் கட்டுகிறேன், அடுத்த வாரமே சேர்ந்துவிடு, ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், விழா வேண்டாம், ஒன்றும் வேண்டாம். முடித்ததும் இந்த மண்டியிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சு விடாமல் பேசினேன். அவள் சீட்டை விட்டு இறங்கி, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம்க்கா. உங்களுக்கு அவரக் கண்டா ஆகாது. எனக்குப் பழகிக் குடுத்துட்டு, மில்லு வாசல்ல போயி ஓட்டிக் காட்டச் சொல்லுவீங்க. நான் சீட்டுப் போட்டுருக்கேன், வரும்போது பாத்துக்கிறேன். வாரேங்க்கா."

பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்து போய்விட்டாள். அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கட்டுகிறேன் என்று சொன்ன அந்த ஒரு நிமிஷத்திற்குள், அவளை மில் கேட்டுக்கு நேராக எந்த இடத்தில் ஹாரன் அடிக்கச் சொல்ல வேண்டும் என்பது வரை நான் யோசித்து முடித்திருந்தேன்.